தேயாத இரும்பு

புளியங்கொட்டை இரும்பைத் தின்னும். சொன்னால் சிரிப்பார்கள். நான் கண்ணால் பார்த்தவன். தின்னவிடாமல் தடுத்தும் காட்டியவன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்கு விறகு பிளந்ததுதான். இருந்தாலும் இன்றைக்கு ஓசூரில் என் ஷெட்டில் ஓடுகிற லேத்துகளை வந்து பார்த்துவிட்டு யாராக இருந்தாலும் பேசட்டும். யார் தோளிலும் ஏறி நான் மேலே வரவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அது அறுபதுகளின் கடைசி. ஓசூரில் அப்போது கம்பெனியும் கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது. பெங்களூர் போகிற லாரிகள் டீ குடிக்க நிற்கிற ஊர், அவ்வளவுதான். லாரி என்று இருந்தால் ஸ்பிரிங் பட்டை உடையும். பட்டை உடைந்தால் கிருஷ்ணகிரி ரோட்டு வளைவில் நான் இருந்தேன், ஓர் உலை, ஒரு பட்டறைக்கல், மேலே நாலு தகரத்தோடு.

என் கொட்டகைக்கு எதிரே புளியங்கொட்டை மில். முதலாளி கன்னடக்காரர். ஊத்தங்கரைப் பக்கமிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கொட்டை வரும். வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்துத் தறிக்காரர்களுக்கு அனுப்புவார்கள். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட அந்த மாவுதான். அரைக்கிற மிஷின் ஓர் இரும்பு டிரம். உள்ளே ஒரு வட்டத் தகடு, அதைச் சுற்றிலும் விரல் தடிமனில் இரும்புப் பட்டைகள். பீட்டர் என்பார்கள். மோட்டார் அதைச் சுற்றுகிற வேகத்தில் பட்டை கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் தெரியும். மேலிருந்து விழுகிற கொட்டையை அந்தப் பட்டைகள் அடித்து நொறுக்கும்.

கொட்டை சும்மா நொறுங்குமா? ஒவ்வொன்றும் நொறுங்குகிறபோது இரும்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். சாதா இரும்பில் பீட்டர் போட்டால் ஒரு வாரம் தாங்காது. கழற்றிப் பார்த்தால் குளித்து மிஞ்சிய சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். விளிம்பு மழுங்கிய பட்டை அடிக்காது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. மாவு கருகும், சல்லடை அடைக்கும், மோட்டார் முனகும். இன்னொரு தொல்லையும் உண்டு. எதிரெதிரே இருக்கிற இரண்டு பட்டைகளும் ஒரே எடை இருக்கவேண்டும். மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி ஜோடி ஜோடியாக நிறுத்துத்தான் மாட்டுவோம். ஒன்று கொஞ்சம் இளைத்தாலும் அந்த வேகத்தில் டிரம் உதறும், பேரிங் சுடும்.

லாரிப் பட்டையில் பீட்டர் அடிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. பெங்களூரில்கூட அப்போது யாரும் செய்ததாக எனக்குத் தெரியாது. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, வெட்டி, துளை போட்டு, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்குவேன். அப்போது அது கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்படியே விட்டால் உடைந்துபோகும். அதனால் திரும்பவும் இதமாகச் சூடு காட்டவேண்டும். மஞ்சள் ஓடி, பழுப்பு ஓடி, நீலம் ஏறுகிறபோது எடுத்தால் இறுக்கமும் இருக்கும், உடையவும் உடையாது. அதுதான் பதம். அப்படிச் செய்த முதல் செட்டு சாதா இரும்பைப்போல் பல மடங்கு உழைத்தது. முதலாளி ரோட்டைத் தாண்டி வந்து என் தோளில் கை போட்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

டீக்கடையில் நாலு பேர் நடுவில் சொன்னேன்: "இது என்னா, அடுத்த செட்டு பாருங்க. தேயவே தேயாது."

சொல்லிவிட்டேன். சொன்னதைக் காட்டவேண்டுமே. அடுத்த செட்டை எண்ணெயில் முக்காமல் பச்சைத் தண்ணீரில் முக்கினேன். இன்னும் இறுகும் என்று. நீலம் ஏறும்வரை காத்திருக்கவும் இல்லை, மஞ்சளிலேயே எடுத்துவிட்டேன். அரம் போட்டால் வழுக்கியது. அந்த வழுக்கலைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு சந்தோஷம். மில்லில் அதை மாட்டிய பிறகும் தினமும் டீக்கடையில் அதே பேச்சுதான்.

மில்லில் மிஷினைக் கவனித்துக்கொண்டவர் ஒரு தெலுங்குக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நாங்கள் அண்ணா என்போம். கொட்டையைத் தள்ளுவதும், பேரிங் மேல் கை வைத்துச் சூடு பார்ப்பதும் அவர் வேலை. சுவரோரம் மோட்டாரையும் பெல்ட்டையும் பார்த்துக்கொண்டவன் என் சேக்காளி, சிங்காரப்பேட்டைக்காரன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். வாய் அதிகம். மோட்டார் இரண்டு மரச் சட்டங்கள்மேல் உட்கார்ந்திருக்கும். ஓட ஓட பெல்ட் தளரும். தளர்ந்தால் மோட்டாருக்குப் பின்னால் செருகியிருக்கிற மர ஆப்பை ஒரு போடு போடுவான். மோட்டார் நகர்ந்து பெல்ட் இறுகும். மிஷின் இரைச்சலில் நீளமாகப் பேச முடியாது. "ஆப்பு!" என்று ஒரு சத்தம் வரும், இவன் சுத்தியலை எடுப்பான். ஸ்விட்சும் இவன் பக்கத்துச் சுவரில்தான்.

அண்ணன் தமிழ் நன்றாகவே பேசுவார். இவன்தான் தெலுங்கில் ஒரு சொல்லும் கற்றுக்கொள்ளமாட்டேன் என்று வீம்பாக இருந்தான். மத்தியானம் அண்ணன் வீட்டுக் களியும் குழம்பும் எங்கள் மூன்று பேருக்கும் வரும். அவர் குழம்பு ஊற்றிக்கொண்டே, "சாலா?" என்பார். போதுமா என்று அர்த்தம்.

"சால் ஓட்டத் தெரியுங்கண்ணா, மாடு எங்க?" என்பான் இவன், அதை உழவுச் சால் ஆக்கி.

தினம் இதே கதை. ஒருநாள் அண்ணனுக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார்.

"ரெண்டு வருசமா என் சோறு தின்றயே, ஒரு வார்த்த உன் மண்டையில ஏறுச்சா? நக்கல் மட்டும் வருது."

"உங்க சோத்துக்குப் பாஷயும் சேத்து முழுங்கணும்னு சொல்லலயேண்ணா நீங்க."

"போடா, எழுந்து போ."

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இவன் கை கழுவாமல் எழுந்து போனான். மறுநாள் காலையில்தான் அது நடந்தது.

நான் அப்போது மில்லுக்குள் நின்றுகொண்டிருந்தேன், என் பீட்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதாவது எவ்வளவு தேயவில்லை என்று முதலாளிக்குச் சொல்ல. மிஷின் சத்தம் திடீரென்று மாறியது. தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. அண்ணன் பேரிங் மேல் வைத்த கையைச் சுட்டதுபோல் எடுத்தார். இவன் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"ஆப்பு! ஆப்பு!"

அவர் கத்தியது தெலுங்கு. ஆபு என்றால் நிறுத்து. இவன் காதில் விழுந்தது தினமும் விழுகிற தமிழ். சுத்தியலை எடுத்து மர ஆப்பில் ஓங்கி ஒரு போடு போட்டான். பெல்ட் இறுகியது. மிஷின் நிற்பதற்குப் பதிலாக ஒரு எகிறு எகிறியது. டமார் என்று ஒரு சத்தம். டிரம்மின் மூடி ஒரு பக்கம் கிழிந்து திறந்தது. அண்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வலது முட்டி. மூடியைக் கிழித்துக்கொண்டு வந்த பட்டைத் துண்டு அதில் அடித்திருந்தது. பெங்களூர் போகிற லாரியில் கொட்டை மூட்டைகள்மேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இவன் கூடவே ஏறப்போனான்; முதலாளி சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார்.

"நிறுத்துன்னு கத்தறான், நீ ஆப்பு அடிக்கற. நேத்து சண்ட, இன்னைக்கு இது. எனக்குத் தெரியாதா?"

இவன் லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் டிரம்முக்குள் கையை விட்டு உடைந்த பட்டையின் மிச்சத்தை எடுத்தேன். உடைந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி பளபளவென்று புது வெள்ளை. வெள்ளை, இப்போது உடைந்த பாகம். கறுப்பு, தண்ணீரில் முக்கியபோதே விட்டுப்போன விரிசல். பிறகு காட்டிய சூட்டில் உள்ளேயே கறுத்திருக்கிறது. அந்தப் பட்டை என் கையை விட்டுப் போகும்போதே உடைந்துதான் போயிருக்கிறது.

அப்போதே முதலாளியிடம் போனேன். "மொதலாளி, அவன் மேல தப்பு இல்லைங்க. ஆப்புன்னுதான் அவன் காதுல உழுந்துது. அதும் இல்லாம ஒடைஞ்சது என் பீட்டரு. நான் வெச்ச பதம் அப்பிடி. எவனும் ஏத்தாத இறுக்கம் ஏத்தி வெச்சிருந்தன். கண்ணாடி கணக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனப்பா, ஒருத்தன் முட்டி போயிருக்கு. இங்கயும் உன் பெருமையா? சும்னிரு, போ," என்றார். சும்மா இரு என்று கன்னடத்தில்.

சேக்காளியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று மூட்டைக்காரர்கள் நினைத்தார்கள். நல்ல மனசு என்று ஒருவர் என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். அந்தத் தட்டு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் இவனை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. வேண்டுமென்றே தெலுங்குக்காரன் காலை உடைத்தான் என்ற பேச்சு பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டது. அந்தப் பேச்சோடு ஓசூரில் வேறு எந்த மில்லிலும் இவனைச் சேர்க்கமாட்டார்கள். இவன் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

எனக்கு உலையில் நெருப்பு வைக்க மனசு வரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிங்காரப்பேட்டைக்குப் போனேன். கோடைக்காலம். இவன் அக்கா வீட்டுக்காரரின் வறண்ட கிணற்றில் தூர் எடுத்துக்கொண்டிருந்தான். நான் மேலே நின்று கூப்பிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து தலையை மட்டும் நிமிர்த்தினான்.

"எதுக்கு வந்த?"

"மேல ஏறி வாடா. சொல்லணும்."

"அங்கிருந்தே சொல்லு. காது நல்லாத்தான் கேக்குது. கேட்டதுதான் வேற மாதிரி போயிடுச்சு."

"உன் மேல தப்பில்லடா. பட்டை ஏற்கனவே விரிசல் உட்டிருந்துது. கொண்டாந்திருக்கன், பாரு."

"நான் ஆப்பு அடிக்காம இருந்திருந்தா?"

அன்றைக்கு உடையாமல் மறுநாள் உடைந்திருக்கலாம். யாரும் எதிரில் நிற்காதபோது உடைந்திருக்கலாம். பட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"பாத்தியா," என்றான். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டன். அவரு ஜெபம் சொல்லச் சொன்னாரு, சொல்லியாச்சு. ஆண்டவரு மன்னிச்சிட்டாராம். அண்ணன் மன்னிக்கணுமே. அவரு மொகத்த எப்பிடிடா பாப்பன்? வேணும்னே அடிச்சன்னுதான அவரும் நெனச்சிக்கிட்டு இருப்பாரு?"

"வா, போய்க் கேப்பம்."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

அதுதான் அவன் பயம். வேலை போனதுகூட அவனுக்கு அடுத்ததுதான். கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் மண் கூடையை இழுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவன் அக்காதான் கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏறி வாடா. அங்க ஒரு மனுசன் படுத்துக் கெடக்கறாரு, இங்க நீ கெணத்துல ஒளிஞ்சிக்கிட்டா ஆயிடுமா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஏறி வந்தான்.

அண்ணன் அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். எல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருடையது. புங்கமரத்தடியில் கட்டில் போட்டு, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். இவன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டார்.

"ரா நாயனா, ரா," என்றார். வா அப்பா என்று.

இவன் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "அண்ணா, வேணும்னு பண்ணலண்ணா. மாதா சத்தியமா எனக்கு ஆப்புன்னுதான் கேட்டுது."

"ஆப்புன்னுதான்டா கேக்கும். நான் தமிழ்லதான உங்கிட்ட எப்பவும் பேசுவன்? நிறுத்துன்னு கத்தியிருக்கணும். பயத்துல எங்கம்மா பாஷ வந்துடுச்சு. தப்பு என்னுது."

"இல்லண்ணா, என்னுது."

நானும் விடவில்லை. பையிலிருந்து பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். "ரெண்டு பேருதும் இல்ல. இங்க பாருங்கண்ணா, இந்தக் கறுப்ப."

உள்ளேயிருந்து அவர் மனைவி விறகுக்கட்டையோடு வந்தார். "மூணு பேரும் என்னுது என்னுதுன்னு இழுத்துக்கிட்டா முட்டி மடங்கிடுமா? இந்தா, இத யாராச்சும் ஒருத்தன் பொளந்து குடுங்க. அடுப்பு எரியல."

இவன் எழுந்து ஓடினான். அழுதுகொண்டே பிளந்தான். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். அண்ணன் பட்டையின் உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியும் நாயனா," என்றார். "உள்ள இருக்கற விரிசல் தெரியாது. ஆனா ஒரு வாரமா சத்தம் சரியில்ல. கிண்ணுன்னு ஒண்ணு கூடவே வந்துக்கிட்டு இருந்துது."

"சொல்லியிருக்கலாமேண்ணா?"

"சொல்லத்தான் டீக்கடைக்கு வந்தன். நீ நாலு பேரு நடுவுல நின்னு தேயவே தேயாதுன்னு பேசிக்கிட்டு இருந்த. நம்ம போய் இதச் சொன்னா உனக்குக் கோவம் வருமே, தெலுங்குக்காரனுக்கு என்னா தெரியும்னு கேப்பியேன்னு திரும்பி வந்துட்டன்."

அவர் குறை சொல்கிற தொனியில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். கேட்டிருப்பேன் என்பதுதான் என்னைக் கொன்றது. நிச்சயமாக அப்படித்தான் கேட்டிருப்பேன், அதே சொற்களில். விரிசல் விட்டது தெரியாமல் நடந்தது என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஒரு மனிதர் சொல்ல வந்து திரும்பிப் போனதற்கு என்ன தேறுதல் சொல்வது?

தேய்கிற இரும்பு ஒரு விதத்தில் நல்ல இரும்பு. மழுங்குகிறேன், மாற்று என்று மாவின் சூட்டில், மோட்டார் முனகலில் அது நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் செய்தது எதையும் சொல்லாத இரும்பு. அதோடு, சொல்ல வந்தவரையும் வாய் திறக்கவிடவில்லை.

அங்கிருந்து நேராக மில்லுக்குப் போனேன். இவனையும் இழுத்துக்கொண்டு போனேன். மூட்டை இறக்குகிற நேரம், ஆட்கள் நிறைய. முதலாளி இவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"மொதலாளி, எனக்குப் பதம் வெக்கத் தெரியல," என்றேன்.

அந்த ஒரு வரியைச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"என்னா?"

"தெரியாம பண்ணிட்டன். எண்ணெயில முக்க வேண்டிய இரும்பு. தண்ணியில முக்கிட்டன். நீலம் வர்ற வரைக்கும் காட்டணும், காட்டல. உள்ளயே விரிசல் உட்டுடுச்சு, அதும் பாக்கத் தெரியல. மில்லுல மிச்சம் இருக்கறது எல்லாம் அதே மாதிரிதான். கழட்டிப் போட்டுடுங்க."

மூட்டைக்காரர் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். முதலாளி சிரிக்கவில்லை. பட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னா?"

"அன்னைக்கே சொன்னனுங்க."

"அன்னைக்கு நீ சொன்னது வேற," என்றார்.

சரிதான். வேறுதான். குற்றத்தைச் சொல்லப் போன இடத்திலும் எவனும் ஏத்தாத இறுக்கம் என்று என் திறமையைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேறு விதமாகப் பேச அன்றைக்கு எனக்கு வாய் பழகவில்லை.

இவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்விட்சுப் பக்கம் போக முதலில் தயங்கினான். பழகிக்கொண்டான். மில்லுக்குப் பீட்டர் அதற்குப் பிறகு பெங்களூரிலிருந்து வந்தது. என் கொட்டகைக்கு வந்த லாரிக்காரர்கள் பட்டையை இறக்கும்போதே, "எண்ணெயா, தண்ணியாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் உலையைப் பார்த்தபடி வேலை செய்தேன். பதத்தை மறுபடி முதலிலிருந்து கற்றேன், கெட்டதையெல்லாம் உடைத்து உடைத்து. அதில் பிறகு ஓசூரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதும் உண்மை. ஒரு வருஷம் கழித்து முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

அண்ணன் மில்லுக்கு வந்தார், முட்டி மடங்காமலே. உயரமான முக்காலி ஒன்றில் உட்கார்ந்து கொட்டையைத் தள்ளினார். கால் குச்சி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இவன் அவருக்குத் தண்ணீர் எடுத்து வைப்பான், தெலுங்கில் ஏதோ உளறுவான், அவர் திருத்துவார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கணக்கு தீர்ந்துவிட்டது, அது எனக்கே தெரிந்தது.

நான் புது செட்டு மாட்டிய ஒவ்வொரு தடவையும் ரோட்டைத் தாண்டிப் போய், அவர் நீட்டிய காலைச் சுற்றி நடந்து பக்கத்தில் நின்று கேட்பேன்: "அண்ணா, சத்தம் எப்பிடி இருக்குது?"

"பாகுந்தி நாயனா," என்பார். நன்றாக இருக்கிறது என்று. ஒவ்வொரு தடவையும் அதேதான். ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாக இருந்ததா, இல்லை, இன்னமும் என்னிடம் சொல்லப் பயந்தாரா? அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. எனக்கு அது தெரியாமலே போய்விட்டது.